ரியல் ஆம்ப்ல வாசிச்சுத் தர்றேன்னு சொல்றவருக்கு காசு அனுப்புறதுக்கு முன்னாடி

போன மாசம் ஒரு தம்பி போன் பண்ணான், ஷார்ட் ஃபிலிமுக்கு மியூசிக் பண்றவன். "அண்ணா, ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட கிட்டார் வாசிக்கக் குடுத்தேன், ட்யூப் ஆம்ப்ல (வால்வ் போட்ட கிட்டார் ஆம்ப்ளிஃபையர்) மைக் வெச்சு ரெக்கார்ட் பண்ணித் தர்றேன்னாரு, வந்த ட்ராக்க எத்தன தடவ கேட்டாலும் தகர டப்பாக்குள்ள இருந்து வர்ற மாதிரியே இருக்கு, நீங்க ஒருதரம் கேட்டுப் பாருங்க"ன்னான். வாங்கிப் பாத்தா ஒரே ஒரு ஸ்டீரியோ எம்பி3, அதுலயே ரிவெர்ப், டிலேன்னு எதிரொலி எஃபெக்ட் எல்லாம் சேத்து இறக்கி வெச்சிருக்காரு. மைக் ட்ராக் தனியா இல்ல, டிஐ, அதாவது ஆம்புக்குப் போறதுக்கு முன்னாடி கிட்டார்ல இருந்து நேரா வர்ற சிக்னல், அதுவும் இல்ல. இத வெச்சு ஆம்ப்ல வாசிச்சாரா, லேப்டாப்ல பிளகின் (ஆம்ப் மாதிரியே சத்தம் குடுக்கிற சாஃப்ட்வேர்) போட்டு வாசிச்சாரான்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாது, என்னாலயும் முடியல. தம்பி திருப்பிக் கேட்டதுக்கு அவர்கிட்ட இருந்து பதிலே இல்லயாம். அவன் கைக்காசு அது. வடபழனில ஒரு சின்ன ரூம்ல நானும் இதே வேலைதான் பண்றேன்கிறதால ரொம்ப வருத்தமா போச்சு, அதான் எழுதறேன்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, "ரியல் ஆம்ப்"ங்கிற வார்த்தைக்குள்ள மூணு வேற வேற வேலை ஒளிஞ்சிருக்கு. ஆம்ப், ஸ்பீக்கர், மைக் மூணும் ஒரே ரூம்ல நிஜமா இருந்து ரெக்கார்ட் பண்றது ஒண்ணு. ஆம்ப் மட்டும் நிஜம், அதோட ஸ்பீக்கர் அவுட்ட லோட் பாக்ஸ்ல, அதாவது ஸ்பீக்கருக்குப் பதிலா சத்தமில்லாம ஆம்ப தாங்குற பெட்டியில குடுத்து, ஸ்பீக்கரையும் மைக்கையும் கம்ப்யூட்டர்ல ஐஆர் (ஒரு ஸ்பீக்கர், மைக்கோட சத்தத்த அளந்து வெச்ச ஃபைல்) போட்டு பண்றது இன்னொண்ணு. மூணாவது, கெம்ப்பர் மாதிரி ஒரு பெட்டியிலயோ பிளகின்லயோ ஏற்கெனவே எடுத்து வெச்ச ஒரு ஆம்போட ப்ரொஃபைல்ல, அதாவது அந்த ஆம்ப் சத்தத்தோட டிஜிட்டல் நகல்ல வாசிக்கிறது. மூணும் நல்ல முறைதான், மூணுலயும் அருமையான ட்ராக் வந்திருக்கு. அபார்ட்மென்ட்ல இருக்கிறவரு நைட்டு பதினோரு மணிக்கு ஆம்ப தொறந்து விட முடியாது, ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் வெறும் 22 வாட்தான், ஒரே ஒரு 12 இன்ச் ஸ்பீக்கர், ஆனா அத சத்தம் உடைஞ்சு டிஸ்டார்ஷன் வர்ற அளவுக்கு ஏத்தினா பக்கத்து வீட்டு ஜன்னல் அதிரும். அதனால லோட் பாக்ஸ் வெச்சிருக்கிறவர நான் குறை சொல்லவே மாட்டேன். மூணாவதப் பண்ணிட்டு முதலாவதுக்கான காசு வாங்குறது மட்டும் தப்பு. எந்த ஆம்ப், எந்த ஸ்பீக்கர், எந்த மைக், லோட் பாக்ஸா இல்ல ரூம்ல மைக்கான்னு வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மெசேஜ்ல எழுத்தா கேட்டு வாங்கிருங்க. நேர்மையா வேலை செய்யறவருக்கு இதுல கோவமே வராது, சொல்லப்போனா சந்தோஷமா ஒரு பக்கத்துக்கு எழுதுவாரு.

ஃபைல் கேக்கும்போது ஒவ்வொரு மைக்கும் தனித்தனி மோனோ வேவ் ஃபைலா, எஃபெக்ட் எதுவும் இல்லாம கேளுங்க, கூட டிஐ ட்ராக்கும் கண்டிப்பா கேளுங்க. நாளைக்கு டைரக்டர் சீனையே மாத்திட்டாரு, டோன் ஒத்து வரலன்னா வாசிச்சவர திரும்பக் கூப்பிட வேண்டியதில்ல, அந்த டிஐய வேற ஆம்ப்ல விட்டு மறுபடி எடுத்துக்கலாம்.

ரியல் ஆம்ப்ல காசு எதுக்குப் போகுதுன்னா மைக் வெக்கிறதுக்குத்தான். ஷ்யூர் எஸ்எம் 57 வந்தது 1965ல, இன்னிக்கும் கிட்டார் ஆம்ப் முன்னாடி அதுதான் நிக்குது, விலையும் பெருசா கிடையாது. அதே மைக்க ஸ்பீக்கரோட நடு மூடிக்கு நேரா வெச்சா சத்தம் குத்தும், ஒரு இன்ச் ஓரத்துக்கு நகத்தினா உருண்டு வரும், அந்த ஒரு இன்ச்சுக்காக நான் அரை மணி நேரம் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்திருக்கேன். ரெண்டு மைக் வெச்சா இன்னும் கவனமா இருக்கணும். ஸ்பீக்கர்ல இருந்து ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் 9 சென்டிமீட்டர் தூர வித்தியாசம் இருந்தாலே சத்தம் கால் மில்லிசெகண்ட் லேட்டா போய்ச் சேரும், அப்ப ரெண்டையும் கூட்டினா 2 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், கிட்டாரோட கடி இருக்கிற இடமே அதுதான். தனித்தனியா கேட்டா ரெண்டும் பிரமாதமா இருக்கும், சேத்தா சவசவன்னு ஆயிரும். அதனால ட்ராக் வந்ததும் ரெண்டையும் மோனோவுல ஒண்ணா போட்டுக் கேளுங்க, மெலிஞ்சு போச்சுன்னா தயங்காம திருப்பி அனுப்புங்க.

நோட்டுக்கு நடுவுல லேசா ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம், கொஞ்சம் ஹம் இருந்தா பயப்படாதீங்க. அந்த ஸ்ஸ்ஸ் ஆம்ப்ல இருந்து வரும், ஹம் சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியோட அதிர்வ சிக்னலா மாத்துற ஒத்தைச் சுருள்) இருக்கிற கிட்டார்ல வரும். சுத்தமா கேட் (சத்தம் குறைஞ்சதும் தானா மூடிக்கிற எஃபெக்ட்) போட்டு அறுத்து அனுப்பச் சொன்னா நோட்டோட வாலும் சேந்து அறுந்துரும்.

இப்ப உங்க பக்கம். கைட் ட்ராக்க (வாசிக்கிறவரு கேட்டுக்கிட்டே வாசிக்க நீங்க அனுப்புற பாட்டு) எம்பி3யா அனுப்பாதீங்க, எம்பி3 ஆக்கும்போதே ஃபைலோட தலையில சில மில்லிசெகண்ட் வெத்து இடம் சேந்துரும், அத வெச்சு நான் வாசிச்சா உங்க செஷன்ல எல்லாம் கொஞ்சம் தள்ளித்தான் விழும், அப்புறம் "டைமிங் சரியில்ல"ன்னு எனக்கு போன் வரும். வேவ்தான் அனுப்பணும், படத்துக்குன்னா 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், எல்லாம் ஒரே ஆரம்பத்துல இருந்து. டெம்போ நடுவுல மாறுதுன்னா டெம்போ மேப்போட, அதாவது வேகம் எங்கெங்க மாறுதுங்கிற குறிப்போட, மிடி ஃபைலும் வேணும்.

சுதி விஷயம் ரொம்ப முக்கியம். ஒரு தடவ திருவிழாவுல லைவா எடுத்த நாதஸ்வரத்த சுத்தி ஒரு பாட்டு கட்டியிருந்தாங்க, அது 440 ஹெர்ட்ஸ்ல, அதாவது ட்யூனர்ல வர்ற வழக்கமான சுதியில இல்லன்னு யாரும் சொல்லல, நானும் செக் பண்ணாம ட்யூனர் பாத்து கம்பி கட்டி ரெண்டு மணி நேரம் வாசிச்சேன், அத்தனையும் வீண். டிஸ்டார்ஷன் போட்ட கார்ட அப்புறமா சாஃப்ட்வேர்ல சுதி மாத்தினா கலங்கிரும், அதனால கம்பிய மாத்திக் கட்டி முதல்ல இருந்து வாசிச்சேன். நாதஸ்வரம், பழைய ஆர்மோனியம், நாட்டுப்புற ரெக்கார்டிங் எதுவா இருந்தாலும் சுதி எங்க நிக்குதுன்னு பாத்து சொல்லிட்டு அனுப்புங்க.

இன்னொண்ணு, நம்ம ஊர் கரென்ட். மே மாசம் சாயங்காலம் தெருவுல எல்லா ஏசியும் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும், ட்யூப் ஆம்ப் அதுக்கேத்த மாதிரி சீக்கிரமே உடைய ஆரம்பிக்கும். காலையில எடுத்த வெர்ஸும் சாயங்காலம் எடுத்த கோரஸும் ஒரே செட்டிங்ல கூட ஒட்டாது. அதனாலதான் நான் ஒரு பாட்ட ஒரே உக்காரல்ல முடிப்பேன், பத்து நாள் கழிச்சு "நாலு பார் (நாலு தாள வட்டம்) மட்டும் மாத்துங்க"ன்னு கேட்டா கஷ்டம், எத்தன திருத்தம்னு முன்னாடியே பேசிக்கோங்க.

உரிமையும் எழுத்துல இருக்கட்டும். 1957 காப்பிரைட் சட்டத்துல 2012ல பண்ண திருத்தத்துக்கு அப்புறம் வாசிக்கிறவருக்கு பெர்ஃபார்மர்ங்கிற முறையில தனி உரிமை தெளிவாவே இருக்கு, படத்துல சேத்துக்க அவரோட சம்மதத்த எழுதி வாங்குங்க, டைட்டில்ல பேர் போடுவீங்களான்னும் அதுலயே எழுதுங்க.

முழுப்பாட்டுக்கும் காசு குடுக்கிறதுக்கு முன்னாடி உங்க பாட்டுல எட்டு பார் மட்டும் வாசிக்கச் சொல்லி, அதுக்கு மட்டும் ஒரு தொகை குடுத்து, மைக் ட்ராக்கும் டிஐயும் வாங்கிக் கேளுங்க. கேட்டுட்டு "மைக்க கொஞ்சம் ஓரமா நகத்தி இன்னொரு தடவ எடுத்து அனுப்புங்க"ன்னு சொல்லிப் பாருங்க, நிஜமா ஆம்ப் முன்னாடி உக்காந்திருக்கிறவருக்கு அது பத்து நிமிஷ வேலை. தம்பி இப்ப வேற ஒருத்தர்கிட்ட அப்படித்தான் கேட்டிருக்கான், எட்டு பார் நேத்து நைட்டு வந்திருக்கு, மூணு ஃபைலாவே.