டார்ச்சால் வரையும் படம்: ஷட்டர் திறந்திருக்கும்போது நடப்பது என்ன?

கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் கடற்கரைப் பாறைகளில், நிலா இல்லாத இரவு. முக்காலியில் கேமரா, ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டர் 30 விநாடி திறந்திருக்கிறது. கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் டார்ச்சைக் கேமராப் பக்கம் காட்டி, காற்றில் 'அ' எழுதிவிட்டு நகர்கிறார். படத்தில் 'அ' பளிச்சென்று இருக்கும், இடவலம் திரும்பிய 'அ'வாக. எழுதிய ஆளைக் காணோம்.

கேமராவுக்குள் ஒளியைப் பதிவு செய்யும் சென்சாருக்குத் தெரிந்தது கூட்டல் மட்டும்தான். அதன் ஒவ்வொரு புள்ளியும் தன்மேல் விழும் ஒளியைச் சேர்த்துக்கொண்டே போகும். ஆளிடமிருந்து வரும் ஒளி மிகக் குறைவு. அவர் நகர்ந்ததும் பின்னாலிருக்கும் பாறையின் ஒளி அந்த இடத்தை நிரப்பிவிடும். முட்டத்து அலைகள் பஞ்சுபோல விழுவதும் இதே கூட்டலால்தான்.

சரி, எழுத்து மங்கலாக இருக்கிறது, ஷட்டரை 60 விநாடி ஆக்கலாமா? பலரும் இதைத்தான் செய்வார்கள். பயனில்லை. டார்ச் ஒரு புள்ளியைக் கடப்பது கண்ணிமைக்கும் நேரத்தில். அது போன பிறகு ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் அந்தக் கோட்டுக்கு டார்ச்சிடமிருந்து இனி எதுவும் வராது. பாறைக்கும் வானத்துக்கும் மட்டும் ஒளி இரட்டிப்பாகும். எழுத்து முன்னைவிட எடுபடாமல் போகும். கோட்டின் பிரகாசத்தைத் தீர்மானிப்பவை டார்ச்சின் பலம், கையின் வேகம், லென்ஸ் துளை, ஐ.எஸ்.ஓ. (பதிவான ஒளியைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டும் என்ற அளவு) ஆகிய நான்கும்தான். கை வளைவில் தயங்கும் இடத்தில் கோடு தடித்திருப்பதைப் பார்த்தாலே வேகத்தின் பங்கு புரியும். அதனால் முதலில் துளையையும் ஐ.எஸ்.ஓ.வையும் கோட்டுக்காக முடிவு செய்யுங்கள் (துளைக்கு எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100 நல்ல தொடக்கம்). அப்புறம் ஷட்டர் நேரத்தைப் பின்னணிக்காக மாற்றுங்கள். இந்த வரிசை பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

இது விளையாட்டு மட்டுமல்ல. 1910-களில் அமெரிக்கப் பொறியாளர் ஃபிராங்க் கில்பிரெத், தொழிலாளர்களின் கையில் சிறு விளக்கைக் கட்டி இப்படியே படமெடுத்து, வீண் அசைவுகளைக் கண்டுபிடித்தார். 1949-ல் ஓவியர் பிக்காசோ காற்றில் ஒளியால் வரைந்ததைப் புகைப்படக் கலைஞர் ஜோன் மிலி படமாக்கினார்.

தீப்பொறி மழை வேண்டுமென்று இரும்பு நாரைக் கொளுத்திச் சுழற்றுகிறவர்கள் உண்டு. நார் மெல்லியது என்பதால் இரும்பே காற்றில் எரிகிறது. கம்பி மத்தாப்பிலும் பொறியாவது பெரும்பாலும் இரும்புத் தூள்தான். ஆனால் வலையும் ஓலையும் கிடக்கிற கடற்கரையில் அந்த வேலை வேண்டாம்.

வானத்துக்கும் இதே கணக்குதான். பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்தால் விண்மீன்களும் கோடு போடும். நம் கன்னியாகுமரி மாவட்டம் நிலநடுக்கோட்டிலிருந்து 8 பாகைதான் வடக்கே. எனவே வட்டக்கோட்டையில் கிழக்கே பார்த்து வைத்த கேமராவில் அந்தக் கோடுகள் கடலிலிருந்து ஏறக்குறைய செங்குத்தாக எழும்பும். டெல்லியில் எடுத்தால் நன்றாகச் சாய்ந்திருக்கும்.

செலவில்லாத சோதனை ஒன்றும் உண்டு. கோயில் கொடையிலோ சர்ச் திருவிழாவிலோ தொங்கும் சீரியல் விளக்குகளைப் பார்த்து, ஷட்டரை அரை விநாடி திறந்து கேமராவை வேகமாகத் திருப்புங்கள். பல விளக்குகள் முழுக்கோடாக விழாமல் விட்டுவிட்டு விழும். மின்சாரத்தோடு சேர்ந்து அவை விநாடிக்கு 50 அல்லது 100 முறை அணைந்து எரிவதைக் கண் பிடிக்காது, படம் பிடித்துவிடும்.