பாக்கெட் ஒன்று, தண்ணீர் எவ்வளவு?

வயிற்றுப்போக்கு கண்ட ஒன்றரை வயதுக் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி வந்த தாய், உடல் இழந்த நீரை ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். கொடுத்தும் தாகம் அடங்கவில்லை என்றார். எப்படிக் கலக்கினீர்கள் என்று கேட்டேன். "பாக்கெட்டைப் பிரிச்சு ஒரு டம்ளர் தண்ணியில கலக்கினேன் டாக்டர். உப்புக் கரிச்சதால குடிக்க மாட்டேன்னான். அதான் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டேன்." அவர் கையில் இருந்தது ஒரு லிட்டருக்கான பாக்கெட். ரத்தப் பரிசோதனையில் சோடியம் ஏறியிருந்தது; குழந்தையை வார்டில் சேர்த்து இரண்டு நாளில் அந்த அளவை மெதுவாக இறக்கினோம்.

அந்தத் தாயை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அளவு பாக்கெட்டின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கிறது. நாங்களும் மருந்துச்சீட்டில் அந்த மூன்றெழுத்தைக் கிறுக்கிவிட்டு அடுத்தவரை அழைத்துவிடுகிறோம்.

பள்ளியில் படித்த சேர்மம், கலவை என்னும் பாகுபாடு இங்கேதான் உயிர்பெறுகிறது. சமையல் உப்பான சோடியம் குளோரைடு ஒரு சேர்மம். தூத்துக்குடி உப்பளத்தில் விளைந்தாலும் ஆய்வகத்தில் செய்தாலும் அதன் எடையில் ஏறத்தாழ 39 விழுக்காடு சோடியம், மீதி குளோரின். யாரும் அதை மாற்ற முடியாது. கலவைக்கோ அப்படிப்பட்ட கட்டுப்பாடு கிடையாது. கலக்கும் கை வைத்ததே அதன் விகிதம்.

ஓ.ஆர்.எஸ். ஒரு கலவை. உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் அதற்குப் பரிந்துரைக்கும் அளவில், ஒரு லிட்டர் நீருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் உள்ளன. சிறுகுடல் சுவரில் உள்ள ஒரு புரதம் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஒன்றாகவே உள்ளே இழுக்க, தண்ணீர் அவற்றின் பின்னால் செல்கிறது. காலரா போன்ற கடும் வயிற்றுப்போக்கிலும் இந்த வழி அடைபடுவதில்லை. 1971இல் மேற்கு வங்கத்தின் பங்கான் அகதி முகாமில், சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா ஆகிய மூன்றை மட்டும் நீரில் கரைத்துக் கொடுத்துக் காலரா நோயாளிகளைக் காப்பாற்றியது இந்த வழியாகத்தான்.

அதே பொடியை 200 மில்லி டம்ளரில் கரைத்தால் செறிவு ஐந்து மடங்காகிறது. அப்போது தண்ணீர் எதிர்த்திசையில், உடலிலிருந்து குடலுக்குள் இறங்கும். ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரைகூடக் கொண்டுபோய்விடும்.

கோலா பானங்களில் லிட்டருக்குச் சுமார் 100 கிராம் சர்க்கரை இருக்கிறது, சோடியமோ பெயரளவுக்குத்தான். அவை வயிற்றுப்போக்கைக் கூட்டவே செய்யும். சர்க்கரை மிகுந்த பழச்சுவைப் பானங்கள் தம் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போட்டுக்கொள்வதை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் தடைசெய்தது; அதற்குமுன் அவற்றை மருந்துக்கடையிலேயே வாங்கி வந்த பெற்றோர் பலர். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, ஆகவே ஓ.ஆர்.எஸ்ஸுக்கு அது மாற்றாகாது. உப்புப் போட்ட கஞ்சியும் நீர்மோரும் கூடவே கொடுக்கலாம்.

பாக்கெட்டில் 200 மில்லி என்றிருந்தால் 200 மில்லி, ஒரு லிட்டர் என்றிருந்தால் ஒரு லிட்டர். காய்ச்சி ஆறிய நீரில் முழுப் பொடியையும் ஒரே தடவையில் கரைத்து, மேற்கொண்டு எதையும் சேர்க்காமல், 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகத் தொடரலாம்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அந்தத் தாயையே ஒரு லிட்டர் பாட்டிலில் கலக்கச் சொல்லி, சுவைத்துப் பார்க்கவும் சொன்னேன். நாக்கில் வைத்துவிட்டுச் சற்று யோசித்தார். "கண்ணீர் அளவுக்குத்தான் கரிக்குது டாக்டர்" என்றார். சரியான அளவு அதுதான்.