‘உடம்பு பழகிட்டுது, டொக்டர்’

இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டி கையில் இறுகிக்கொண்டிருந்த அரை நிமிடத்துக்குள் அவர் உறங்கிவிட்டார். கருவி 178/104 என்று காட்டியது. உறக்கத்தில் அழுத்தம் இறங்குவதுதான் வழமை என்பதால், அந்த எண் என்னை இரட்டிப்பாகக் கலங்க வைத்தது. வயது 47. பகலில் பொருட்கிடங்கிலும், வாரத்தில் நான்கு இரவுகள் முதியோர் பராமரிப்பு இல்லத்திலும் வேலை. தோளைத் தொட்டு எழுப்பி, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். “எழுபதுக்கு மேல வரும். உடம்பு பழகிட்டுது, டொக்டர்” என்றார். இங்கிலாந்தில் குடும்ப வைத்தியராக இருக்கும் என்னிடம் இந்த ஒரு மாதத்தில் இதே வார்த்தையைச் சொன்ன மூன்றாவது ஆள் அவர். முதலாமவர் இப்போது பக்கவாதத்துக்குப் பின் கரண்டி பிடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

உடம்பு பழகுவதில்லை, களைப்பை உணராதிருக்க மனம்தான் பழகுகிறது. அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வாரங்களுக்கு இரவில் ஆறு மணித்தியாலம் மட்டுமே உறங்க விடப்பட்டவர்களின் கவனமும் வேகமும் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போயின. ஆனால் ‘எவ்வளவு தூக்கமாக இருக்கிறது’ என்று கேட்டபோது, முதல் சில நாட்களுக்குப் பின் பெரிய மாற்றமில்லை என்றே அவர்கள் சொன்னார்கள். ‘பழகிட்டுது’ என்று நீங்கள் சொல்வதும் இதைத்தான். அளக்கும் கருவியே பழுதாகிவிட்ட பின் அது காட்டும் எண்ணை நம்பச் சொல்கிறீர்கள்.

இளமையில் ஒன்றும் ஆகவில்லை என்பதும் சாட்சியம் ஆகாது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்துக்கு 35 முதல் 40 மணித்தியாலம் உழைப்பவர்களைவிட, 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35%, இருதய நோயால் இறக்கும் ஆபத்து 17% அதிகம். 2016இல் மட்டும் இவ்வாறு இறந்தவர்கள் 7,45,000 பேர் என்கிறது அதே மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர், 45 வயதுக்குப் பின் அப்படி உழைத்து, 60க்கும் 79க்கும் இடைப்பட்ட வயதில் இறந்தவர்கள். கணக்கு அப்போதுதான் வீட்டுக்கு வருகிறது.

“ஜப்பான்காரன் இப்படித்தானே முன்னேறினான்?” என்று கேட்பவர்களுக்கு: வேலைப்பளுவால் நேரும் மரணத்துக்குக் ‘கரோஷி’ என்று தனிச்சொல்லே வைத்து, அதைத் தடுக்க 2014இல் சட்டமும் இயற்றிய நாடு அது. ஜேர்மனியரோ ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,340 மணித்தியாலமே உழைக்கிறார்கள். வளர்ந்த நாடுகளில் மிகக் குறைவான கணக்குகளில் அதுவும் ஒன்று. அவர்கள் ஒன்றும் பிச்சை எடுக்கவில்லை.

இங்கே 1998 முதல் சட்டம் இருக்கிறது: 17 வாரச் சராசரியில் வாரத்துக்கு 48 மணித்தியாலமே உச்சம். இரண்டு இடங்களில் வேலை என்றால் இரண்டையும் கூட்டித்தான் கணக்கு. இந்த எல்லையிலிருந்து விலகிக்கொள்வதாக வேலையில் சேர்ந்த அன்றே ஒரு தாளில் கையொப்பம் வாங்கிவிடுகிறார்கள். அது ஆயுள் சாசனம் என்றே பலர் நினைக்கிறார்கள். அல்ல. எழுத்தில் ஏழு நாள் அறிவித்தல் கொடுத்து (உங்கள் ஒப்பந்தத்தில் அதிகபட்சம் மூன்று மாதம் வரை கேட்கப்பட்டிருக்கலாம்) அதை மீளப் பெறலாம். அதற்காக உங்களை வேலையிலிருந்து நீக்குவது சட்டவிரோதம். ஒரு நாள் வேலை முடிந்து அடுத்தது தொடங்குமுன் 11 மணித்தியால இடைவெளியைக் கேளுங்கள். இரவு வேலையாளுக்கு இலவச உடல்நலப் பரிசோதனை வழங்குவது முதலாளியின் கடமை. அதையும் கேட்டு வாங்குங்கள். விடிய வேலை முடிந்ததும் கார்ச் சாவியைத் தொடாதீர்கள்; பஸ்ஸில் போங்கள். இரவு வேலை முடித்துத் திரும்பும் வழியில் சிவப்பு விளக்குக்கு நின்ற இடத்திலேயே உறங்கி, பின்னாலிருந்தவரின் ஹோர்ன் சத்தத்தில் விழித்தவன் நான். வைத்தியர்கள் இவ்விடயத்தில் உத்தமர்கள் அல்லர்.

சொந்தக் கடைக்காரருக்கு இந்த 48 மணித்தியாலக் காவலும் கிடையாது. காலை ஆறுக்குத் திறந்து இரவு பதினொன்றுக்குப் பூட்டும் அண்ணன்மாரே, வீட்டுக்கடனும் ஊருக்கு அனுப்பும் காசும் என்னவென்று நானும் அறிவேன். தயவு செய்து ஒரு நாள், பக்கத்து மருந்தகத்துக்கு நடந்து போய் இரத்த அழுத்தத்தைப் பாருங்கள். நாற்பது தாண்டியவர்களுக்கு இங்கிலாந்தில் அது இலவசம். 140/90ஐத் தாண்டியிருந்தால் என்னைப் போன்ற ஒருவரிடம் வாருங்கள்.

வரும்போது, போன வாரம் எத்தனை மணித்தியாலம் வேலை, எத்தனை மணித்தியாலம் உறக்கம் என்று நாள்வாரியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். எங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடம்தான்; அதில் ஐந்து, இதைக் கேட்டறியவே போய்விடுகிறது. பயண நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். அதை எல்லோருமே விட்டுவிடுகிறார்கள்.