கரிசல் மண்ணில் விரிசல் விட்ட வீடு: அடித்தளத்தைச் சீரமைப்பது எப்படி?

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரங்களின் கரிசல் நிலம் சித்திரை, வைகாசியில் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழை இறங்கிய சில வாரங்களில் அந்த வெடிப்புகள் இருந்த இடம் தெரியாமல் மூடிக்கொள்ளும். மானாவாரிப் பருத்திக்கும் கம்புக்கும் ஈரத்தைத் தேக்கிக் கொடுக்கும் இந்தக் குணமே, அதே மண்ணின்மேல் எழுப்பிய வீட்டின் சுவரைச் சன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் பிளக்கிறது. ஆண்டுதோறும் கொத்தனாரை அழைத்து, விரிசலில் சிமெண்ட் கலவையைத் திணித்து, பட்டி பார்த்து, வண்ணம் பூசிய பின்னரும், அடுத்த கோடையில் அதே கோட்டில் விரிசல் திரும்பி வருவதைப் பல வீடுகளில் காணலாம். அதற்கான காரணம் சுவரில் இல்லை. தரைக்குக் கீழே சில மீட்டர் ஆழம் வரை மண்ணின் ஈரம் ஓரிடத்தில் ஏறியும் வேறோரிடத்தில் இறங்கியும் நிற்பதே காரணம். ஆகவே இத்தகைய வீட்டில் முதலில் சீர்செய்ய வேண்டியது நீரின் போக்கு. கான்கிரீட் வேலை அதற்குப் பின்னரே வர வேண்டும்.

கரிசலின் நடத்தைக்குப் பொறுப்பான களிமத்தின், அதாவது களிமண்ணிலுள்ள நுண்ணிய கனிமத்தின், பெயர் மாண்ட்மோரில்லோனைட். இரண்டு சிலிக்கா அடுக்குகளுக்கு நடுவில் ஓர் அலுமினா அடுக்கு அமைந்த, ஏறக்குறைய 1 நானோமீட்டர் தடிமனே உள்ள ஏடுகளால் ஆனது இது. நடு அடுக்கில் அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மக்னீசியம் அமர்ந்துவிடுவதால் ஒவ்வோர் ஏட்டிலும் எதிர் மின்னூட்டம் மிஞ்சுகிறது. அதை ஈடுகட்டச் சோடியம், கால்சியம் போன்ற நேர் அயனிகள் ஏடுகளுக்கிடையே வந்து தங்குகின்றன. இந்த அயனிகள் நீர் மூலக்கூறுகளை ஈர்க்கும்போது நீர் ஏடுகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்குகிறது. ஒரு கிராம் மாண்ட்மோரில்லோனைட்டில் நீர் தொடக்கூடிய மொத்தப் பரப்பு 800 சதுர மீட்டர் வரை இருக்கக்கூடும். பீங்கான் செய்யப் பயன்படும் கயோலினைட்டும் ஏடுகளால் ஆன களிமமே. ஆனால் அதன் ஏடுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகப் பற்றியிருப்பதால் நீர் இடையில் நுழைய முடிவதில்லை, மண்ணும் பெரிதாக வீங்குவதில்லை.

விரிய முயலும் மண்ணைத் தடுத்தால், அது தடுப்பைத் திருப்பித் தள்ளும். இதை வீக்க அழுத்தம் என்பார்கள். தீவிரமாக வீங்கும் கரிசலில் இது ஒரு சதுர மீட்டருக்கு 20 டன்னைத் தாண்டுவதும் உண்டு. ஒரு தள வீட்டின் சுவர் அடித்தளம் மண்ணின்மேல் செலுத்தும் பாரமோ பெரும்பாலும் 4 முதல் 6 டன் அளவில்தான் இருக்கும். பாரம் குறைந்த வீடே அதிகம் பாதிக்கப்படுவதன் காரணம் இதுதான். அறையின் தரைக்கு அந்தப் பாரம்கூட இல்லை; எனவே சுவர் வெடிப்பதற்கு முன்பே தளக்கல் புடைப்பதும், கதவு தரையில் உரசுவதும் தொடங்கிவிடுகின்றன.

மண் எவ்வளவு வீங்கும் என்பதை அறிய எளிய சோதனை ஒன்றை இந்திய தர நிர்ணயம் 1977இலேயே வகுத்துள்ளது. நன்கு உலர்த்திச் சலித்த மண்ணில் 10 கிராம் வீதம் இரண்டு கண்ணாடி அளவுகுழாய்களில் இட்டு, ஒன்றில் வாலை வடிநீரையும் மற்றொன்றில் மண்ணெண்ணெயையும் ஊற்றி, குறைந்தது 24 மணி நேரம் விட வேண்டும். மண்ணெண்ணெய் ஏடுகளுக்கிடையே புகுந்து மண்ணை வீங்கச் செய்வதில்லை. ஆகவே நீரில் படிந்த மண்ணின் பருமன் அதைவிட எத்தனை விழுக்காடு கூடுதல் என்பதே அம்மண்ணின் தடையற்ற வீக்கக் குறியீடு. 50 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அச்சம் குறைவு. 100ஐத் தாண்டினால் வழக்கமான ஆழமற்ற அடித்தளத்தை நம்ப முடியாது. வீடு கட்டும் முன் மிகச் சிறிய செலவில் செய்துவிடக்கூடிய இந்தச் சோதனை பெரும்பாலும் விரிசல் கண்ட பிறகே செய்யப்படுவது வருத்தத்துக்குரியது.

மண் வீங்குவதாலேயே வீடு உடைந்துவிடாது. வீடு முழுவதும் ஒரே அளவு உயர்ந்து ஒரே அளவு தாழ்ந்தால் ஒரு மயிரிழை விரிசலும் விழாது. ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் உள்ள வேறுபாடே சுவரைப் பிளக்கிறது. மண்பொறியியல் ஆய்வாளர்களான ஸ்கெம்ப்டனும் மெக்டொனால்டும் 1956இல் பல கட்டடங்களை ஆராய்ந்து, இந்த வேறுபாடு நீளத்தில் 300இல் ஒரு பங்கை எட்டும்போது சுவர்கள் வெடிக்கத் தொடங்குகின்றன என்று காட்டினர். 3 மீட்டர் நீளச் சுவரில் அது வெறும் 10 மில்லிமீட்டர்.

வேறுபாடு எப்படி உண்டாகிறது? வீடு கட்டியவுடன் அதன் கீழுள்ள நிலம் வெயிலுக்கு மறைந்துவிடுகிறது. ஆழத்திலிருந்து மேலேறும் ஈரம் ஆவியாக வழியின்றி, சில ஆண்டுகளில் வீட்டின் நடுப்பகுதியில் சேர்ந்து நிலைத்துவிடுகிறது. ஓரப் பகுதியோ ஆண்டுதோறும் கோடையில் காய்ந்து சுருங்கி, மழையில் நனைந்து வீங்குகிறது. கோடையில் ஓரங்கள் இறங்கி நடுப்பகுதி கவிழ்த்த சட்டியைப் போல் மேடாக நிற்க, சுவர் அதன்மேல் வளைந்து, மேலே அகன்றும் கீழே குறுகியும் உள்ள விரிசல்களைக் காட்டும். நீண்ட வறட்சிக்குப் பின் பெருமழை பெய்து ஓரங்கள் மட்டும் உயர்ந்தால், விரிசல் கீழே அகன்று மேலே குறுகும். குளியலறைப் பக்கம் ஒரு மூலை மட்டும் எழும்பியிருந்தால், பருவமழையைவிடக் கசியும் குழாயையோ கழிவுநீர்த் தொட்டியையோதான் முதலில் ஐயுற வேண்டும். விரிசலின் வடிவத்தைப் படிக்காமல் செலவைத் தொடங்கும் எந்தச் சீரமைப்பும் ஊகத்தின்மேல் நடப்பதே.

அதனால் முதல் வேலை அளப்பது. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுவதும், விரிசலின் இருபுறமும் இரண்டு திருகாணிகளைப் பதித்து அவற்றின் இடைவெளியை மாதம் ஒருமுறை வெர்னியர் அளவியால் அளந்து குறிப்பதும் வீட்டுக்காரரே செய்யக்கூடியவை. கொத்தனார் கையிலிருக்கும் டியூப் லெவலைக் (நீர் நிரப்பிய மட்டக் குழாய்) கொண்டு எல்லா அறைகளின் தரை மட்டத்தையும் ஒரே புள்ளியோடு ஒப்பிட்டுக் குறித்தால், எந்தப் பகுதி மேடு, எந்தப் பகுதி பள்ளம் என்ற வரைபடம் கிடைத்துவிடும். கட்டும்போதே தரை சற்று ஏறியிறங்கி இருந்திருக்கலாம் என்பதால், ஒருமுறை எடுத்த அளவைவிடக் கோடையின் உச்சத்திலும் மழையின் முடிவிலும் எடுத்த இரண்டு அளவுகளின் வேறுபாடே நம்பத்தக்கது. கட்டடம் உடனடி ஆபத்தில் இல்லையென்றால் இதற்கு ஓராண்டு ஒதுக்குவது வீண் தாமதம் ஆகாது.

அடுத்தது நீர். மாடியிலிருந்து வடியும் மழைநீர் சுவரோரம் கொட்டாமல் குழாய் வழியாகத் தொலைவுக்குச் செல்ல வேண்டும். வீட்டைச் சுற்றி 1.5 முதல் 2 மீட்டர் அகலத்துக்கு, வெளிப்புறம் சரிந்த நீர்புகாத் தளம் அமைக்க வேண்டும். இந்தத் தளமும் கரிசலின்மேல்தான் கிடக்கிறது, அதுவும் அசையும். எனவே அதன் கீழே தடித்த பாலித்தீன் விரிப்பு இருப்பதும், தளம் சுவரைச் சந்திக்கும் கோட்டில் சிமெண்டுக்கு மாறாக நெகிழும் அடைப்புப் பொருளை நிரப்புவதும் இன்றியமையாதவை. அந்தக் கோடு திறந்துவிட்டால் மழைநீர் நேராக அடித்தளத்துக்கே போய்ச் சேரும். நிலத்தடிக் குழாய்களை அழுத்தச் சோதனைக்கு உட்படுத்தி, சுவரைக் கடக்கும் இடங்களில் நெகிழும் இணைப்புகளைப் பொருத்த வேண்டும். உறிஞ்சுகுழி வீட்டை ஒட்டி இருந்தால் அதை இடம் மாற்றுவதே நல்லது.

மரங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சுவரருகே வளரும் பெரிய மரம் கோடையில் மண்ணின் ஈரத்தை ஆழம் வரை உறிஞ்சி, அந்தப் பக்கத்தைத் தாழச் செய்கிறது என்பது உண்மை. அதற்காக மரத்தை உடனே வெட்டிவிடுவது ஆபத்தானது. அதுவரை வேர்கள் உலர்த்தி வைத்திருந்த மண் மெல்ல ஈரம் பெற்று, பல ஆண்டுகள் தொடர்ந்து வீங்கும். வீட்டைவிட மூத்த மரமாக இருந்தால் இந்த எழுச்சி, மரம் உண்டாக்கிய தாழ்வைவிட மோசமாக இருக்கக்கூடும். கிளைகளைக் கழித்து நீர்த்தேவையைக் குறைப்பதும், மரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஆழமான வேர்த்தடுப்பு அமைப்பதும் பெரும்பாலும் போதுமானவை.

சுற்றுத்தளம் மேலிருந்து இறங்கும் நீரைத் தடுக்கும். பக்கவாட்டில் நகரும் ஈரத்தைத் தடுக்காது. அதற்கு, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி ஒடுக்கமான அகழி தோண்டி, 1.5 மீட்டர் ஆழமோ அதற்கு மேலோ நீர்புகாத் தாளைச் செங்குத்தாக இறக்கி மூடுகிறார்கள். அமெரிக்காவின் டல்லஸ் நகரத்தில், இதே வகைக் களிமண்ணின்மேல் கான்கிரீட் பலகையாகக் கிடக்கும் வீடுகளைச் சுற்றித் துளையிட்ட குழாயைப் பதித்து, கோடை முழுவதும் நிலத்துக்கு நீர் பாய்ச்சும் பழக்கம் இருக்கிறது. குடிநீருக்கே லாரியை எதிர்பார்க்கும் ஊர்களில் அந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். இருக்கும் ஈரத்தை வெளியேறாமல் காக்கும் தடுப்பே நமக்குப் பொருந்தும்.

இவற்றைச் செய்து முடித்து ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்த பின், அசைவு அடங்கிவிட்டால் அடித்தளத்தைத் தொடவே தேவையில்லாமல் போகலாம். அடங்கவில்லையென்றால், பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறும் மேல்மண்ணைத் தாண்டிய ஆழத்துக்கு வீட்டின் பாரத்தை இறக்க வேண்டும். இந்தியக் கரிசலில் அந்த ஆழத்தைப் பொதுவாக 3.5 மீட்டர் எனக் கொள்கிறார்கள்.

பழைய முறை, அடித்தளத்தின் கீழே பகுதி பகுதியாகத் தோண்டிக் கான்கிரீட் நிரப்புவது. ஒரு நேரத்தில் 1 மீட்டர் முதல் 1.4 மீட்டர் நீளத்துக்கு மட்டும், அடுத்தடுத்த பகுதிகளை ஒன்றாகத் திறக்காமல், இடம் விட்டு இடம் தோண்ட வேண்டும். புதிய கான்கிரீட்டின் தலைக்கும் பழைய அடித்தளத்தின் அடிக்கும் நடுவே விடப்படும் சிறு இடைவெளியில், கான்கிரீட் இறுகிய பின், ஈரம் மிகக் குறைந்த சிமெண்ட் மணல் கலவையை இடித்து இறுக்குவார்கள். பாரம் கைமாறுவது இந்த ஒற்றைப் படியில்தான்; இங்கே அவசரப்பட்டால் முழு வேலையும் பயனற்றுப் போகும். கரிசல் ஆழமாக இருக்கும் இடங்களில் இத்தனை ஆழக் குழி தோண்டுவது வேலையாளுக்கும் வீட்டுக்கும் ஆபத்து என்பதால், நிலத்தில் ஆழமாகத் துளையிட்டு வார்க்கும் கான்கிரீட் தூண்களான பைல்களே ஏற்றவை.

இதற்கென ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்தியக் கரிசலுக்கேற்ப வளர்த்தெடுத்தது அண்டர்ரீம்டு பைல். கையால் இயக்கும் துளைக்கருவியால் ஒடுக்கமான துளையிட்டு, அடியில் மட்டும் தண்டின் குறுக்களவைப் போல் சுமார் 2.5 மடங்கு அகலமான குமிழைக் குடைந்து, கம்பி கட்டிக் கான்கிரீட் நிரப்புகிறார்கள். மேல்மண் வீங்கித் தண்டைப் பற்றி மேலே இழுத்தாலும், அசையாத ஆழத்திலுள்ள குமிழ் நங்கூரமாக நின்று பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே நிற்கும் வீட்டில், சுவருக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகப் பைல்களை இறக்கி, சுவரின் அடியில் துளைத்துச் செருகிய குறுக்கு விட்டத்தால் அவற்றை இணைத்துப் பாரத்தை ஏற்றலாம். விட்டங்களின் அடிப்பக்கம் மண்ணைத் தொடக் கூடாது. மண் வீங்க இடம் விட்டு வைக்காவிட்டால், பைல் தாங்கும் வீட்டை விட்டத்தின் வழியாகவே மண் தூக்கிவிடும்.

தாழ்ந்த மூலைக்கு மட்டும் இரண்டு பைல் போட்டால் போதும் என்ற ஆலோசனை மலிவாகத் தோன்றும். அந்த மூலை ஆழத்தில் நிலைத்துவிட, மீதி வீடு பருவத்தோடு ஏறி இறங்க, இரண்டும் சந்திக்கும் கோட்டில் புதிய விரிசல் விழுவதற்கே அது பெரும்பாலும் வழி செய்கிறது. பகுதிச் சீரமைப்பைத் தேர்ந்தெடுத்தால், அசையும் பகுதியையும் அசையாத பகுதியையும் பிரிக்கும் இணைப்பிடைவெளியைச் சுவரில் திட்டமிட்டே அமைக்க வேண்டும். ஜாக்கி வைத்துத் தாழ்ந்த பக்கத்தை உயர்த்துவதற்கும் காலம் முக்கியம். மண் முழுதும் சுருங்கிக் கிடக்கும் கடுங்கோடையில் மட்டம் சரிசெய்து பழைய மண்ணின்மேலேயே வீட்டை அமர்த்தினால், மழை வந்ததும் அது மட்டத்தைத் தாண்டி எழும்பிவிடும்.

புடைத்த அறைத் தரைக்கு வேறு மருந்து. மேல்தளத்தைப் பெயர்த்து, சுமார் 1 மீட்டர் ஆழத்துக்குக் கரிசலை வெளியேற்றி, வீங்காத ஆனால் ஒட்டும் தன்மையுள்ள சரளை மண்ணை ஈரமிட்டு அடுக்கடுக்காக இறுக்குவது, மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். கே. கட்டியின் ஆய்வுகளிலிருந்து வந்த முறை. அந்த இடத்தில் ஆற்று மணலை நிரப்பும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். மணல் நீரைத் தேக்கி அடியிலுள்ள கரிசலுக்கே ஊட்டும். சரளை கிடைக்காத இடத்தில், எடுத்த மண்ணோடு சில விழுக்காடு சுண்ணாம்பைக் கலக்கலாம். சுண்ணாம்பின் கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடித்து ஏடுகளை நெருக்கமாகப் பிணைக்க, பின் வரும் வாரங்களில் களிமத்தின் சிலிக்காவோடும் அலுமினாவோடும் வினைபுரிந்து மண்ணைக் கெட்டியாக்குகிறது. ஆனால் கலந்த இடத்தில் மட்டுமே அது வேலை செய்யும். துளையிட்டுக் கரைசலை ஊற்றினால் இறுகிய களிமண்ணுக்குள் அது அதிக தூரம் ஊடுருவாது.

சுவர் விரிசலை அடைப்பது கடைசி வேலை. இரண்டு பருவங்களில் எடுத்த அளவுகள் மாறாமல் இருந்தால், விரிசலுக்குக் குறுக்கே செங்கல் வரிசைகளின் இடையில் எஃகுக் கம்பிகளைப் பதித்துத் தைத்து, கான்கிரீட் பாகங்களில் எபாக்சி என்னும் ஒட்டுப்பிசினைச் செலுத்தி, அதன்மேல் பூச்சு வேலை செய்யலாம். அளவு இன்னும் சிறிது ஏறியிறங்குகிறதென்றால் எபாக்சி வேண்டாம். அது சுவரைவிட உறுதியாக ஒட்டிக்கொண்டு, பக்கத்திலேயே வேறிடத்தில் சுவரைப் பிளக்கும். அத்தகைய விரிசலில் நெகிழும் அடைப்பானை நிரப்பி, திருகாணிகளை எடுக்காமல் விட்டு, அளப்பதை மட்டும் தொடர வேண்டும்.