மணிக்கூட்டை ஓரிரவு ஜன்னலோரம் விடுங்கள்

ஜேர்மனியில் கோடை நேரத்துக்காக மணிக்கூடுகளை ஒரு மணி நேரம் முன்தள்ளுவது மார்ச் கடைசி ஞாயிறன்று. கடந்த ஆண்டு அதற்கு மறுநாள், ஒரு தங்கை அலாரம் மணிக்கூட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். முதியோர் இல்லத்தில் அதிகாலை வேலை. "அண்ணா, இது தானாகவே நேரம் மாற்றும் என்றுதானே விற்றார்கள்? நேற்று ஒரு மணி நேரம் பிந்திப் போனேன். இரவு முழுவதும் விழித்திருந்தவர் எனக்காகக் காத்திருந்தார்."

மணிக்கூட்டில் எந்தப் பழுதும் இல்லை. அது இருந்த இடம்தான் பிழை: ஒரு பக்கம் தொலைக்காட்சி, மறுபக்கம் இணைய ரௌட்டர்.

ஜேர்மனியில் 'ஃபுங்க்-ஊர்' (வானொலி மணிக்கூடு) என்று விற்கப்படும் இவ்வகை மணிக்கூடுகள் இணையத்திலிருந்து நேரத்தை எடுப்பதில்லை. பிராங்க்பேர்ட்டுக்கு அருகே மைன்ஃபிளிங்கனில் உள்ள நிலையம் 77.5 கிலோஹெர்ட்ஸில் அனுப்பும் வானொலி அலையைக் கேட்கின்றன. அந்த அலையின் வலு, நிமிடத்தின் கடைசி விநாடி தவிர, விநாடிதோறும் சட்டென்று குறையும். குறைவு பத்தில் ஒரு விநாடி நீடித்தால் 0, பத்தில் இரண்டு நீடித்தால் 1. இப்படி ஒரு நிமிடம் முழுவதும் தடங்கலின்றிக் கேட்டால்தான் நேரமும் தேதியும் கிடைக்கும். நடுவே தொலைக்காட்சியின் இரைச்சல் புகுந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அலை கிடைக்காவிட்டாலும் உள்ளிருக்கும் குவார்ட்ஸ் மணிக்கூட்டை ஓட்டிக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் தொடர்பு அறுந்திருப்பதை வீட்டில் எவரும் கவனிப்பதில்லை. கோடை நேரம் தொடங்கும் காலையில்தான் அது தெரியவருகிறது, அப்போது வேலைக்குப் பிந்திவிடுகிறோம். ஆகவே திரையில் உள்ள சிறிய கோபுரக் குறியை வாரம் ஒருமுறையாவது பாருங்கள். அசையாமல் நின்றால் அலை கிடைத்திருக்கிறது. மறைந்திருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

பற்றரி போட்டதும் பலர் பொறுமையிழந்து பொத்தான்களை அழுத்துகிறார்கள். பல மாதிரிகளில் அந்த அழுத்தமே தேடலை நிறுத்திவிடும். மாலையில் புதுப் பற்றரி போட்டு, ஜன்னலோரம் வைத்து, விடியும்வரை தொடாதீர்கள். இரவில் இந்த அலை நன்றாக எட்டும், வீட்டுக் கருவிகளின் இரைச்சலும் குறைவு. அப்படியும் கிடைக்கவில்லையென்றால் மணிக்கூட்டைக் கால்வட்டம் திருப்பி வையுங்கள். உள்ளே அலையை வாங்கும் ஃபெரைட் கோலின் முனை நிலையத்தை நோக்கியிருந்தால் அது கேட்காது, பக்கவாட்டில்தான் கேட்கும். இரும்பு அலுமாரியின் மேல் மட்டும் வைக்கவே வேண்டாம்.

சில மாதிரிகளில் நேரத்தை ஒளியாகக் கூரையில் காட்டும் வசதியும் உண்டு. அது பற்றரியில் சில விநாடிகளே எரியும். இரவு முழுவதும் வேண்டுமென்றால் அடாப்டர் தேவை. ஆனால் அடாப்டரே அலையைக் குழப்பக்கூடியது. முதலில் பற்றரியில் நேரம் பிடிக்கட்டும், பிறகு அடாப்டரைக் கம்பி நீளும் மட்டும் தள்ளிச் செருகுங்கள். எழுத்து மங்கலாக இருந்தால் வில்லையருகே உள்ள சக்கரத்தைத் திருப்பலாம். பிள்ளைகள் அந்த வில்லைக்குள் கண் வைத்துப் பார்க்க விடாதீர்கள்.

ஊரில் இருக்கும் அம்மாவுக்கு இதை வாங்கிப்போக நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த அலை ஏறத்தாழ 2000 கிலோமீட்டர்வரைதான் எட்டும். இலங்கை 8000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நேர வலயத்தை மாற்றிப் பார்க்கலாம் என்றால், பெரும்பாலானவை முழு மணிகளாக மட்டுமே மாறும், நமக்கோ அரை மணி வித்தியாசம் இருக்கிறது. அலைத் தேடலை நிறுத்தி, நேரத்தைக் கையால் வைக்கும் வசதி உண்டா என்று கடையிலேயே கேளுங்கள். அது இல்லையென்றால், வராத அலையை இரவுதோறும் தேடித் தேடியே அம்மாவின் மணிக்கூட்டில் பற்றரி தீர்ந்துவிடும்.