டாரிஃப்: சுங்கமா, வரியா, பட்டியலா?

தான்சானியாவிலோ கென்யாவிலோ வானொலியைத் திருப்பினால் 'தாரிஃபா யா ஹபாரி' என்று ஒரு குரல் தொடங்கும். சுவாஹிலி மொழியில் அதற்குச் செய்தி அறிக்கை என்று பொருள். தாரிஃபா என்றால் அறிக்கை, தகவல். அதே கென்யாவின் எல்லையில் லாரி நிற்கும்போது, ஆங்கிலத்தில் எழுதிய தாளில் 'டாரிஃப்' என்று இருக்கும். அது இறக்குமதிக்குக் கட்டவேண்டிய பணம். கேட்கத் தொடர்பில்லாத மாதிரி இருக்கும் இந்த இரண்டும் ஒரே அரபுச் சொல்லின் பிள்ளைகள்.

அரபியில் 'அரஃப' என்றால் அறிந்தான். அதிலிருந்து வந்த 'தஅரீஃப்', அறியச் செய்தல். தமிழில் அறி என்பது அறிவி ஆவதைப் போலத்தான். தமிழ் முஸ்லிம்களுக்கு இந்த வேர் வேறு வழியில் பழக்கம்: ஷரீஅத், தரீக்கத், ஹகீகத், மஃரிபத் என்ற நான்கு ஆன்மிகப் படிகளில் கடைசியான மஃரிபத்தும் இதே வேரில் முளைத்ததுதான். ஒரே வேர் சூஃபிகளின் ஞானத்துக்கும் போயிருக்கிறது, சுங்க அலுவலகத்துக்கும் போயிருக்கிறது.

நடுநிலக்கடல் துறைமுகங்களில் அரபு வணிகர்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த இத்தாலியர்கள் இதை 'தாரிஃபா' என்று எடுத்துக்கொண்டார்கள். எந்தச் சரக்குக்கு என்ன விலை, எந்த ஊர் எடை இங்கே எவ்வளவு என்று சொல்லும் அட்டவணைக்கு அந்தப் பெயர். பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் அது அட்டவணைதான். பிறகு பட்டியலில் எழுதியிருந்த தொகைக்கே பட்டியலின் பெயர் ஒட்டிக்கொண்டது. பழைய பொருள் முற்றிலும் போய்விடவில்லை. லாட்ஜ் வரவேற்பறையில் மாட்டியிருக்கும் அறை டாரிஃப், மின்சார டாரிஃப் எல்லாம் இன்றும் கட்டணப் பட்டியல்தான்.

இடையில் ஒரு கட்டுக்கதையும் உலவுகிறது. ஸ்பெயினின் தென்கோடியில் தரிஃபா என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கப்பல்களை மடக்கிப் பணம் பறித்தார்களாம், அதனால்தான் டாரிஃப் என்று பெயர் வந்ததாம். நல்ல கதை, ஆனால் தவறு. அந்த ஊர் 710-ல் அங்கு வந்திறங்கிய தரீஃப் இப்னு மாலிக் என்ற படைத்தலைவரின் பெயரைத் தாங்கியது. அரபியில் அவர் பெயரின் 'த' வேறு எழுத்து, வேர் வேறு. தமிழில் இரண்டையும் ஒரே தகரத்தால் எழுதுவதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

சரி, தமிழில் இதை என்ன சொல்வது? பத்திரிகைகள் வரி, சுங்க வரி, இறக்குமதி வரி, காப்பு வரி என்று கைக்கு வந்ததை எழுதுகின்றன. இவற்றைச் சோதித்துப் பார்க்க ஓர் உண்மையான ஆவணம் வேண்டும். ஆப்பிரிக்கக் கண்டத் தடையற்ற வர்த்தகப் பகுதி ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளலாம். 2018 மார்ச் 21-ல் ருவாண்டாவின் கிகாலி நகரில் கையெழுத்தானது. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் 55 நாடுகளில் எரித்திரியாவைத் தவிர மற்ற 54-ம் கையெழுத்திட்டிருக்கின்றன. ஆப்பிரிக்க நாடுகளின் வணிகத்தில் அவை தங்களுக்குள் செய்துகொள்வது சுமார் 15 சதவீதம்தான். அதைக் கூட்டுவதே நோக்கம்.

இந்த ஒப்பந்தத்தின் நெஞ்சுப் பகுதி, 'டாரிஃப் லைன்'களில் 90 சதவீதத்தை ஐந்து ஆண்டுகளில் (மிகவும் பின்தங்கிய நாடுகளானால் பத்தில்) பூஜ்யமாக்குவது. இன்னொரு 7 சதவீதத்துக்குக் கூடுதல் அவகாசம் உண்டு. மீதி 3 சதவீதத்தை நாடுகள் ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். இதை 'வரி' என்று பெயர்க்கப் போனால் 'வரி வரி' என்று நிற்கும். நம் மொழியில் கோட்டுக்கும் வரி, கப்பத்துக்கும் வரி. பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு, அதுதான் லைன். வரவினம், செலவினம் என்று வரவுசெலவுத் திட்டத்தில் எழுதுகிறோமே, அந்த வழியில் 'தீர்வையினம்' என்றால் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

தீர்வை பழைய சொல். தமிழ்நாட்டில் நிலத்தீர்வை, முத்திரைத் தீர்வை, ஆயத்தீர்வை என்று பெரும்பாலும் அரசுத் தாள்களில்தான் மிஞ்சியிருக்கிறது. இலங்கையில் அது உயிரோடு நடமாடுகிறது. விமான நிலையத்தில் 'தீர்வையற்ற' கடை என்பார்கள். சுங்கத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு சிக்கல் வந்துவிட்டது. அந்தச் சொல்லைக் கேட்டதும் நெடுஞ்சாலைச் சாவடியும் ஃபாஸ்டேக் வரிசையும்தான் நினைவுக்கு வருகின்றன. வடமொழி 'சுல்க' பிராகிருதத்தில் 'சுங்க' ஆகி நம்மிடம் வந்தது. சோழன் முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த' என்ற பட்டம் இருந்தது எல்லோருக்கும் தெரிந்ததே. அதற்கும் முந்தியது உல்கு. 'உறுபொருளும் உல்கு பொருளும்' என்று குறளும், காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் நாள்தோறும் உல்கு வாங்கியதைப் பட்டினப்பாலையும் சொல்கின்றன. (இதுவும் சுல்கத்தின் மருவலே என்பாரும் உண்டு.) அழகான சொல்தான், இன்று நாளிதழில் போட்டால் அடிக்குறிப்பும் போட வேண்டிவரும். காப்பு வரி என்பது உள்நாட்டுத் தொழிலைக் காக்க விதிப்பதற்கு மட்டும் பொருந்தும். அரசு வருமானத்துக்காக விதிப்பதை அப்படிச் சொன்னால் பிழை.

ஆகவே தொகையைச் சொல்லும்போது சுங்கத் தீர்வை; ஆவணத்தைச் சொல்லும்போது தீர்வைப் பட்டியல். இந்த இரண்டையும் பிரித்து எழுத வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் ஆப்பிரிக்காவிலேயே இருக்கிறது. அங்கே தீர்வையைக் குறைக்க ஒப்புக்கொண்டது முதலில் நடந்தது, பட்டியல் பின்னால்தான் வந்தது. 2021 ஜனவரி 1-ல் புதிய ஒப்பந்தப்படி வணிகம் தொடங்கியதாக அறிவித்தார்கள். ஆனால் ஒரு நாடு தன் பட்டியலை முறைப்படி வெளியிட்டால்தான் அதன் எல்லை அதிகாரி குறைந்த தீர்வையை ஏற்பார். பல நாடுகளில் அது நடக்கவில்லை. 2022 அக்டோபரில் தயாராக இருந்த சில நாடுகளை மட்டும் வைத்து ஒரு முன்னோட்டத் திட்டம் தொடங்கினார்கள். கென்யாவின் தேயிலையும் பேட்டரியும், ருவாண்டாவின் காப்பியும் கானாவுக்குப் போனது அப்படித்தான். எந்தப் பொருளுக்கு எங்கே எவ்வளவு என்று பார்த்துக்கொள்ள ஒரு மின் தீர்வைப் புத்தகமும் அதே ஆண்டில் வந்தது. நைஜீரியா 2019 ஜூலையில் கையெழுத்திட்டது. சலுகைப் பட்டியல் அதன் அரசிதழில் வெளியானது 2025 ஏப்ரலில். 'அறியச் செய்தல்' என்ற சொல்லுக்கு ஏறக்குறைய ஆறு ஆண்டுகள்!

தலையில் மூட்டையோடு எல்லை கடக்கும் சிறு வணிகர்களுக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, இது இன்னும் உறைக்கும். கேட்ட தொகை சரியா என்று தெரியாவிட்டால் கேட்டதைக் கொடுத்துவிட்டு நகர வேண்டியதுதான். அதனால் கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொதுச் சந்தையான கொமேசா 2010-ல் எளிய வணிக முறை ஒன்றைக் கொண்டுவந்தது. இரு நாடுகளும் ஒப்புக்கொண்ட பொருள்களின் பொதுப் பட்டியல் எல்லையில் ஒட்டப்படும். படிவம் நிரப்பத் தகவல் மேசையில் ஆள் இருப்பார். தீர்வை பூஜ்யம் என்றாலும் உள்நாட்டு விற்பனை வரி போன்றவை தனி என்பதையும் அங்கேதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதன் கூட்டாளிச் சொல் 'நான்-டாரிஃப் பேரியர்'. 'தீர்வை சாராத் தடை' என்றால் போதும். ஆவணக் கெடுபிடி, ஆய்வுக்கூடத் தாமதம், இரண்டு பக்கமும் இரண்டு வரிசை எல்லாம் இதில் சேர்த்தி. இரட்டை வரிசையை ஒழிக்கத்தான் சாம்பியாவும் ஜிம்பாப்வேயும் 2009 டிசம்பரில் தங்கள் எல்லையிலுள்ள சிருண்டுவில் ஒரே நிறுத்த எல்லைச் சாவடி திறந்தன. இந்தத் தடையின் உச்சத்தையும் நைஜீரியாவே காட்டியது. கிகாலி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அடுத்த மாதமே, கடத்தலைத் தடுப்பதாகச் சொல்லி பெனினோடான எல்லை உள்பட நிலவழி எல்லைகளைச் சரக்குக்கு மூடிவிட்டது. 2020 டிசம்பரில்தான் திறக்கத் தொடங்கியது. கதவே பூட்டிக் கிடக்கும்போது தீர்வை எத்தனை சதவீதம் என்று யார் கேட்பார்கள்?

கடைசியாக, நைரோபியிலோ மொம்பாசாவிலோ எல்லைத் தீர்வைக்குத் 'தாரிஃபா' என்று சொல்லிவிடாதீர்கள். ஏதோ செய்தி கேட்கிறீர்கள் என்று நினைப்பார்கள். அதற்கு அங்கே 'உஷூரு' என்று பெயர். அதுவும் அரபுதான்: 'உஷ்ர்', பத்தில் ஒரு பங்கு. கென்யா, தான்சானியா முதலிய நாடுகளின் கூட்டமைப்பான கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் வெளியிலிருந்து வரும் சரக்குக்கு வைத்திருக்கும் பொதுத் தீர்வையில் இடைநிலைப் பொருள்களுக்குப் பெயருக்கேற்றபடி 10 சதவீதம். மூலப்பொருளுக்குப் பூஜ்யம், செய்து முடித்த பொருளுக்கு 25. 2022 ஜூலையிலிருந்து சில பொருள்களுக்கு 35. பத்தில் ஒன்று என்ற பெயர் மட்டும் மாறவில்லை.