இலவசம்தான், ஆனால் பட்டா யார் பெயரில்?

கும்பகோணம், மன்னார்குடி வட்டாரத்து அரிசி ஆலைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது என் தொழில். புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம், இணையத்திலிருந்து எடுத்துப் போட்ட கோடுக்கு (கணினி நிரலுக்கு) என்ன லைசென்ஸ் என்று கேட்டால், "ஓப்பன் சோர்ஸ்தான் சார், யார் வேணா எடுத்துக்கலாம்" என்பார்கள்.

பாதி சரி. ஓப்பன் சோர்ஸ் என்றால், எழுதிய நிரலை எல்லோரும் பார்க்கவும் மாற்றவும் திறந்து விடுவது. ஆனாலும் அதற்கு உரிமையாளர் உண்டு. பட்டா அவர் பெயரில்தான். நிபந்தனை சொல்லி நம்மை உழுதுகொள்ள விட்டிருக்கிறார். பப்ளிக் டொமைனில், அதாவது பொதுச்சொத்தில், பட்டாவே கிடையாது. பாரதியார் பாடல்களை யாரும் அச்சிட்டு விற்கலாம், அதுபோல.

எங்கள் சாஃப்ட்வேரில் எடைச்சீட்டு, மூட்டைக் கணக்கு எல்லாம் எஸ்க்யூலைட் என்ற தகவல் சேமிக்கும் மென்பொருளில்தான் பதிவாகின்றன. அது பப்ளிக் டொமைன். எழுதியவர் பெயரைக்கூடப் போட வேண்டியதில்லை. (அப்படியும் சில கம்பெனி வக்கீல்களுக்குக் கையில் ஒரு காகிதம் இருந்தால்தான் தூக்கம் வரும். அவர்களுக்காக எஸ்க்யூலைட்காரர்களே உரிமை உத்தரவாதப் பத்திரம் ஒன்றை விலைக்குக் கொடுக்கிறார்கள்.)

பில்லை பிடிஎஃப் ஆக்க ஒரு பையன் ஐடெக்ஸ்ட் லைப்ரரியை (நம் நிரலில் அப்படியே சேர்த்துக்கொள்ளும் தயார் கோடு) கொண்டுவந்தான். அதன் இப்போதைய பதிப்புகள் ஏஜிபிஎல் லைசென்ஸில் வருகின்றன. அதைச் சேர்த்துக் கொடுத்தால் நம் முழு சோர்ஸ் கோடையும் அதே லைசென்ஸில் ஆலை முதலாளிக்குத் தர வேண்டும். அவர் அதைப் பக்கத்து ஆலைக்குக் கொடுத்தாலும் தடுக்க முடியாது. வேண்டாம் என்றால் காசு கொடுத்து வணிக லைசென்ஸ் வாங்க வேண்டும். காசுக்கு விற்பதை ஏஜிபிஎல் தடுக்கவில்லை, மூடி வைப்பதைத்தான் தடுக்கிறது.

எம்ஐடி லைசென்ஸ் இவ்வளவு கறார் இல்லை. காப்புரிமை (காப்பிரைட்) குறிப்பையும் லைசென்ஸ் வாசகத்தையும் எடுக்காமல் விட்டால் போதும். அதைக்கூட அழித்துவிட்டுத் தங்கள் கம்பெனி பெயரைப் போடுகிறவர்களை என்ன சொல்ல!

உண்மையான ஆபத்து, கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் லைசென்ஸே இல்லாமல் கிடக்கும் கோடு. ஒன்றும் எழுதவில்லை, அதனால் பொதுச்சொத்து என்று நினைக்கிறார்கள். நேர்மாறு. நம் 1957 காப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்புதான். பதிவு செய்யாமலே உரிமை வந்துவிடும். எழுதியவர் இறந்த பிறகும் 60 ஆண்டு நிற்கும். அவரிடம் அனுமதி வாங்காமல் தொடக் கூடாது.

உங்கள் கோடைப் பொதுவில் விட நினைத்தால், வெறும் 'பப்ளிக் டொமைன்' என்று எழுதுவதைவிட சிசி0 என்ற, உரிமையைத் துறக்கும் ஆயத்த வாசகத்தைச் சேர்ப்பது நல்லது. உரிமையை இப்படி முழுதாகத் துறக்க முடியாத நாடுகளுக்கும் அதில் வழி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், பிடிஎஃப் வேலைக்கு நாங்கள் அப்பாச்சி பிடிஎஃப்பாக்ஸ் என்ற லைப்ரரிக்கு மாறினோம். லைசென்ஸ் தொல்லை இல்லை. பில்லில் கட்டம் போடுவதுதான் பெரும்பாடு, ஒவ்வொரு கோட்டையும் நாமே வரைய வேண்டியிருக்கிறது.